மூன்றாவது வளைவில் அணையும் மலை

மூன்றாவது வளைவில் ஒரு புளியமரம் தெரிந்தது. கருப்பி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, வண்டியை வளைவுக்குள் திருப்பினாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு லாரி இறங்கி வந்தது.

அவ்வளவுதான். மரம், மழை, லாரி, மலை எல்லாம் ஒரே சமயத்தில் காணாமல் போயின. திரை கறுத்துவிட்டது. மேஜைக்கடியில் உறுமிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மூச்சை நிறுத்திக்கொண்டது.

கருப்பி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "மேடம், தப்பு என்னுதுங்களா?"

நஸீமா குனிந்து மேஜைக்கடியில் பார்த்தாள். அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவள் நடத்தும் பெண்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு அந்த சிமுலேட்டர்தான் பேர் வாங்கிக் கொடுத்திருந்தது. ரோட்டில் முதல் நாளே காரை எடுத்துத் தடுமாறினால், டீக்கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்தே பாதிப் பெண்கள் வண்டி கற்க வருவதில்லை. அவர்களுக்காகத்தான் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றிடமிருந்து ஸ்டியரிங், பெடல், கியர் எல்லாம் வாங்கி, கணக்கு எழுத வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் பொருத்தியிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு யார் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் தப்பாக ஓட்டலாம். அப்படிப்பட்ட மிஷின் கெட்டுப்போயிருக்கிறது என்று மாணவியிடம் எப்படிச் சொல்வது?

"இன்னும் கொஞ்சம் நிதானம் வேணும்" என்றாள், வாயில் வந்ததை. "எறங்குங்க. மறுபடி முதல்ல இருந்து பாக்கலாம்."

கருப்பி பயபக்தியோடு தலையாட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த அவளுடைய நாத்தனார் குள்ளம்மாளும் சேர்ந்து தலையாட்டினாள். சித்தேரியிலிருந்து தனியாக பஸ்ஸில் வரக் கூச்சப்பட்டு, கருப்பி தினமும் துணைக்கு அவளைக் கூட்டிவருவாள். குள்ளம்மாள் வண்டி கற்கவில்லை. வேடிக்கை பார்ப்பது, கடலை தின்பது, இரண்டும்தான் அவள் வேலை. பேச்சு குறைவு.

கருப்பி கற்பதற்குப் பெரிய காரணம் இருந்தது. அவளுடைய மகளிர் குழுவுக்கு ஒரு பிக்கப் வண்டி கிடைத்திருந்தது. சாமை, தேன், புளி எல்லாவற்றையும் அவர்களே அரூருக்கு இறக்கிக் கொண்டுவந்து விற்கலாம். ஓட்ட ஆள்தான் இல்லை. கூப்பிட்ட டிரைவர்கள் எல்லாம் அந்த மலை ரோட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். குழுவில் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் கருப்பியின் பேர் வந்தது. அரூரைச் சுற்றிலும் சமதரை. மலை ரோட்டில் ஓட்டிப் பழக அந்தத் திரையை விட்டால் வேறு வழியில்லை.

சமதரைப் பாடத்தில் கம்ப்யூட்டர் நாளெல்லாம் நன்றாக ஓடியது. மலைப்பாதைப் பாடத்தைப் போட்டால்தான் படுத்துக்கொண்டது.

மாணவிகள் போன பிறகு நஸீமா ஷாருக்கை வரச் சொன்னாள். பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். மலைப்பாதைக்கு வேண்டும் என்று, திரையில் காட்சியை வரைகிற கிராபிக்ஸ் கார்டை இந்த மிஷினுக்குள் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான்.

"சூடுக்கா" என்றான் பெட்டியைத் தொட்டுப் பார்த்ததுமே. "உள்ள தூசி அடைச்சிருக்கும்."

மூடியைக் கழற்றினான். உள்ளே ராகி மாவு மாதிரி தூசி. புளோயரை வைத்து ஊதியதும் அது அத்தனையும் கிளம்பி, பக்கத்துப் பாத்திரக்கடையிலிருந்து சாப்பிட வந்து உட்கார்ந்த நஸீமாவின் கணவர் அப்துல் சுபானின் தட்டில் இறங்கியது.

"குருமால என்னமோ பொடி தூவியிருக்கற மாதிரி இருக்குதே" என்றார் சுபான், ஒரு வாய் தின்ற பிறகு.

"கம்ப்யூட்டர் பொடி" என்றாள் நஸீமா. அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

ஷாருக் சீட்டில் ஏறி உட்கார்ந்து மலைப்பாதையைப் போட்டான். அவன் ஓட்டிய ஓட்டில் பெஞ்சே ஆடியது. இரண்டாவது வளைவில் திரை கறுத்தது.

"காலையில மூணாவதுல போச்சு" என்றாள் நஸீமா.

"சரிக்கா. இப்ப ஒண்ணு கொறைஞ்சிருக்குது."

மறுநாள் அவன் புது மென்பொருள் ஏற்றினான். கார்டை இயக்குகிற 'டிரைவர்' என்ற மென்பொருள் பழசு, அதனால்தான் திணறுகிறது என்றான். டிரைவிங் ஸ்கூலில் டிரைவர் பழசு என்று சொன்னதை நஸீமா முதலில் தன்னைத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு முறைத்தாள். ஏற்றி முடித்துப் பார்த்தால் மலை வேறு மலையாக இருந்தது. மழைத்துளி கண்ணாடியில் ஒவ்வொன்றாக விழுந்து வழிந்தது. பள்ளத்தில் மஞ்சு நகர்ந்தது. இலைக்கு இலை பளபளத்தது.

"நெஜ மலையே இவ்வளவு நல்லா இருக்காது" என்று சுபான் கடையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்.

இந்த முறை நஸீமாவே உட்கார்ந்தாள். பதினைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறவள். பக்கத்தில் மாணவி இல்லாத சமயத்தில் அவள் கால் கொஞ்சம் தாராளமானது. கியரைத் தட்டி, அழுத்தி, முதல் வளைவை எட்டுவதற்குள் மழையும் மஞ்சும் மலையும் ஒன்றாகப் போய்விட்டன.

"அழகு அதிகமாச்சு, ஆயுசு கொறைஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு சுபான் கடைக்குப் போனார்.

ஆனால் மறுநாள் காலையில் கருப்பி வந்து உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முதல் வளைவைத் தாண்டினாள். இரண்டாவதைத் தாண்டினாள். புளியமரத்தைத் தாண்டி நாலாவது வளைவுக்கும் போய்விட்டாள். நஸீமா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் சரியாகிவிட்டது என்று நினைத்து, கருப்பி இறங்கிய கையோடு ஆசையாகத் தானே ஏறி உட்கார்ந்தாள். முதல் வளைவிலேயே அணைந்தது.

ஷாருக்குக்குப் போன் போட்டாள். "காலையில நல்லா ஓடுது. அந்தப் பொண்ணு போனதும் படுத்துக்குது."

"அப்ப வோல்டேஜ்தாங்க்கா. காலையில கரண்ட் நல்லா வரும். பத்து மணிக்கு மேல மில்லு, வெல்டிங் பட்டறை எல்லாம் இழுத்துக்கும். யூ.பி.எஸ். போட்டுடலாம்."

பொழுது சாய்ந்த பிறகு தன் கடையிலிருந்தே ஒரு யூ.பி.எஸ்.ஸைத் தூக்கிக்கொண்டு வந்தான். "காசு அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல ஓடட்டும்" என்று சொல்லி மாட்டினான். மாட்டிவிட்டு மலையேறினான். இரண்டாவது வளைவில் யூ.பி.எஸ். பசித்த குழந்தை மாதிரி வீறிட்டது. உள்ளே எங்கோ 'டப்' என்றது. அறை இருட்டானது. அதே சமயம் பக்கத்துக் கடையும் இருட்டானது, இரண்டுக்கும் ஒரே பியூஸ்.

இருட்டுக்குள்ளிருந்து அண்டா ஒன்று உருண்டு போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அதற்குப் பின்னால் சுபானின் குரல் நிதானமாக வந்தது.

"நஸீமா, காரிமங்கலத்துலருந்து ஒரு கல்யாண வூட்டுக்காரங்க அண்டா பாக்க வந்தாங்க. இப்ப அவங்களும் தெரியல, அண்டாவும் தெரியல. உம் மலை ஏறி முடிஞ்சதுன்னா சொல்லு."

நஸீமாவுக்கு அழுகை வந்தது. ஷாருக் பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கம்பி சுற்றிக்கொண்டே, "அக்கா, நான் இத விடமாட்டேன்" என்றான். அவன் அப்படிச் சொன்னது அவளுக்கு அந்த நேரத்தில் பெரிய தெம்பாக இருந்தது.

யூ.பி.எஸ். போன பிறகும் கருப்பி மட்டும் காலையில் போய்க்கொண்டேயிருந்தாள். ஐந்தாவது வளைவு. அதற்கடுத்த நாள் ஏழாவது. மற்ற மாணவிகளும் ஒவ்வொருவராக முன்னேறினார்கள். நஸீமாவும் ஷாருக்கும் மட்டும் அடிவாரத்திலேயே கிடந்தார்கள். ஒருநாள் ஷாருக் வேண்டுமென்றே காலையில் சீக்கிரம் வந்து, மாணவிகள் வருமுன் ஓட்டிப் பார்த்தான். அப்போதும் அணைந்தது. வோல்டேஜ் கதையும் அதோடு முடிந்தது.

"எனக்கு ஒண்ணுதான் தோணுது" என்றார் சுபான். "அந்தப் பொண்ணுக்குக் கைராசி."

நஸீமா அந்த மாதிரிப் பேச்சை நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் மறுநாள் கருப்பி வந்ததும், "வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டி மேல ஒரு தடவ கைய வைங்க" என்றாள், அதுவும் பாடத்தில் ஒன்று என்பது மாதிரி.

கருப்பி செருப்பைக் கழற்றினாள். குனிந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று ஒன்பதாவது வளைவு.

அந்த வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் தமிழ்மணி ஸ்கூலைப் பார்வையிட வந்தார். ஸ்கூலின் அனுமதியைப் புதுப்பிக்கும் வருடம் அது. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான். நஸீமா முந்தின நாளே ஷாருக்கிடம் சொல்லிவைத்தாள். "சமதரைப் பாடத்த மட்டும் காட்டிட்டு டீ குடுத்து அனுப்பிடலாம்."

இன்ஸ்பெக்டர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் சமதரையில் ஓட்டினார். சலித்துவிட்டது. "மலைப்பாதை இருக்குதாமே. போடுங்க பாப்போம்."

"சார், அது பொண்ணுங்களுக்கு மட்டும்..." என்று நஸீமா ஏதோ சொல்லப் பார்த்தாள்.

"மலையில என்ன ஆம்பள மலை, பொம்பள மலை" என்று அவரே பொத்தானை அமுக்கினார்.

ஆபீஸ் ஜீப்பை எப்படி ஓட்டுவாரோ அப்படித்தான் ஓட்டினார். முதல் வளைவில் சக்கரம் கிறீச்சிட்டது. அடுத்த நொடி திரை கறுத்தது. இன்ஸ்பெக்டர் அப்படியே உட்கார்ந்திருந்தார். தன் முகம் அந்தக் கறுப்புத் திரையில் தெரிவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓ" என்றார் அவர் மெதுவாக. பிறகு கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "யாராவது உங்க ஸ்டூடண்ட் ஓட்டட்டும், பாக்கலாம்."

கருப்பி எழுந்து வந்து பெட்டியைத் தொட்டு வணங்கினாள். இன்ஸ்பெக்டர் அதை விசித்திரமாகப் பார்த்தார். கருப்பி ஏறினாள். அவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் நினைக்கவில்லை. டீ வந்தது, குடித்து முடித்தார்கள், டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்கள். வளைவு வளைவாக ஏறி, எதிரே வந்த ஒவ்வொரு லாரிக்கும் ஒதுங்கி நின்று வழிவிட்டு, உச்சியில் போய் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கையும் இழுத்தாள். திரையில் வெயில் வந்தது. அந்த ஸ்கூலில் மலை உச்சியைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். உச்சியில் ஒரு கோயில் இருப்பதே நஸீமாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"இந்த மாதிரி நான் எங்கயும் பாத்ததில்லைங்க மேடம்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜீப் மட்டும் வந்தபோது வந்த வேகத்தில் போகவில்லை.

அது கேலியா, கோபமா என்று நஸீமாவுக்கு விளங்கவில்லை. இரண்டில் எதுவானாலும் ஸ்கூல் போச்சு என்று எடுத்துக்கொண்டாள். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. சுபான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கேலி பண்ணவில்லை.

"போர்டக் கழட்டுனாலும் நீ ஓட்டக் கத்துக்குடுத்த பொண்ணுங்க ஓட்டிட்டுத்தானே இருப்பாங்க" என்றார். "சாப்புடு."

ஷாருக் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். "அக்கா, இனிமே ஊகம் வேணாம். ஒண்ணொண்ணா பாத்துடுவோம்."

முதலில் சூட்டைக் காட்டும் மென்பொருளைப் போட்டான். மலை அணைகிற நொடியில்கூடச் சூடு அதிகமில்லை. "அப்ப தூசி இல்ல. நான்தான் அநியாயமா அண்ணன் சோத்துல கொட்டிட்டேன்." கம்ப்யூட்டர் தானாக எழுதி வைத்திருந்த குறிப்புகளைத் திறந்தான். பழுது எதுவும் இல்லை, மின்சாரம் திடீரென்று நின்றுபோனது என்றுதான் ஒவ்வொரு முறையும் இருந்தது. "அப்ப டிரைவரும் இல்ல." கார்டுக்கு வேலை கொடுக்காமல் மற்றதை மட்டும் முழு மூச்சாக ஓடவிட்டான். மிஷின் அணையவில்லை. கார்டுக்கு முழு வேலை கொடுத்தான். உடனே அணைந்தது.

"கார்டு கெட்டுப்போச்சா?" என்றாள் நஸீமா.

"கார்டு நல்லா இருக்குது. அதுக்குச் சோறு பத்தல." பெட்டியின் பின்பக்கத்தில் இருந்த சிறு டப்பாவைக் காட்டினான். "இதுதாங்க்கா எஸ்.எம்.பி.எஸ். உள்ள இருக்கற எல்லாத்துக்கும் கரண்ட் பிரிச்சுக் குடுக்கறது இதுதான். கணக்கு எழுதறதுக்குன்னு வாங்குன மிஷின், அதுக்கு ஏத்த சின்ன டப்பா. நான் பாட்டுக்குப் பெரிய கார்டப் போட்டுட்டேன். மரம், மழை, லாரின்னு காட்சி வேகமா மாற மாற, கார்டு கரண்ட சடார்னு இழுக்கும். இதால குடுக்க முடியாது. தன்னக் காப்பாத்திக்க எல்லாத்தையும் அணைச்சிடும்."

"இத்தன நாளும் இது தெரியலயே உனக்கு."

"தெரிஞ்சிருக்கணும்க்கா" என்றான் அவன், தலையைச் சொறிந்துகொண்டு.

பெரிய எஸ்.எம்.பி.எஸ். வாங்க தருமபுரிக்குப் போக வேண்டும். கருப்பிக்கு டெஸ்ட் இரண்டு நாளில். ஷாருக் கடைக்குப் போய், தன்னுடைய சொந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து அதிலிருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினான். தனக்குப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். நஸீமா உள்ளே போய், அவனுக்கென்று எடுத்து வைத்திருந்த பிரியாணி டப்பாவைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். பிறகு மலைப்பாதையைப் போட்டு உட்கார்ந்தாள். அழுத்தினாள். முதல் வளைவு, புளியமரம், ஒன்பதாவது வளைவு, உச்சி, கோயில், வெயில். திரை ஒரு தடவைகூட இமைக்கவில்லை.

"அல்லாவே" என்றாள் மெல்ல. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுபான் வாசலில் நின்று இரண்டு கையையும் உயர்த்தி நன்றி சொன்னார், இனிமேல் அண்டா உருளாது என்பதற்காக.

டெஸ்ட் நாளன்று கருப்பியோடு போன மாணவிகள் எல்லோருமே தேறினார்கள். இன்ஸ்பெக்டர் நஸீமாவைக் கூப்பிட்டு ஸ்கூலின் காகிதத்தையும் கையெழுத்துப் போட்டுக் கையில் கொடுத்தார். "இப்படி நிதானமா ஓட்டற பேட்சு எனக்கு வந்ததே இல்லைங்க. உங்க ஏற்பாடு அப்படி" என்றார். பதினைந்து வருட அனுபவத்தைத்தான் சொல்கிறார் என்று நஸீமா பூரித்துப்போனாள்.

சில வாரம் கழித்து ஒரு காலைப்பொழுதில் ஸ்கூல் வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் சாமை மூட்டைகள், புளிக்கூடைகள், மூட்டைகளுக்கு மேல் நாலைந்து பெண்கள். டிரைவர் சீட்டிலிருந்து கருப்பி இறங்கினாள். நஸீமா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பாதி மலையில நல்ல மழைங்க மேடம். மஞ்சு வேற. எதிர்ல பஸ்ஸு. பின்னாடி இருக்கறவங்க எல்லாம் சாமிய கூப்புடறாங்க. நான் ஓரங்கட்டி நின்னுட்டேன். பஸ்ஸு போனதும் மெதுவா எடுத்தேன்." கருப்பி நஸீமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ரூமுல கத்துக்கிட்டதுதாங்க. உங்கள நாங்க மறக்கவே மாட்டோம்."

தேன் பாட்டில் ஒன்றையும், ஒரு பை சாமையையும் நஸீமாவிடம் கொடுத்தாள். நஸீமா, பஜாரிலிருந்து வந்திருந்த ஷாருக்கைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "எனக்கு இல்ல, இந்தத் தம்பிக்குச் சொல்லுங்க. இவன் இல்லன்னா ஒண்ணுமே நடந்திருக்காது."

வண்டியின் மறுபக்கத்திலிருந்து குள்ளம்மாள் இறங்கினாள். கூடவே காலில் கட்டுப் போட்ட ஒரு மனிதரையும் இறக்கினாள். அவள் புருசன் சென்றாயன். மலையில் பைக்கை விரட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறங்கி எழுந்தவர் என்று கருப்பி மெதுவாகச் சொன்னாள். குழு வண்டிக்கு இரண்டாவது டிரைவராக்க, அவரை ஸ்கூலில் சேர்த்துவிட வந்திருக்கிறார்கள்.

"பொம்பளைங்களுக்கு மட்டும்தான் சொல்லிக்குடுக்கறோம்" என்றாள் நஸீமா. பிறகு அந்தத் தேன் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, உங்களுக்காகச் சேத்துக்கறேன். இப்ப மிஷின் முன்ன மாதிரி இல்ல. இந்தத் தம்பி புதுசா மாத்திட்டாரு. எவ்வளவு வேகமா வேணாலும் உச்சி வரைக்கும் போலாம், அணையவே அணையாது" என்றாள்.

கருப்பியின் முகம் வாடியது. அவள் நாத்தனாரைப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கடலையை மட்டும் உரித்துக்கொண்டிருந்த குள்ளம்மாள், முதல்முறையாக நஸீமாவிடம் வாயைத் திறந்தாள்.

"ஏங்க மேடம், ஸ்பீடு முப்பதத் தாண்டுனா உசுரு போன மாதிரி தானா இருட்டிப்போற மிஷினு இந்த ஜில்லாவுலயே உங்ககிட்ட மட்டுந்தான் இருக்குதுன்னு இந்த மனுசன இழுத்தாந்தேன், அத யாருங்க போயி கெடுத்து வெச்சது?"